பிரேக் விடாமல் பிடிக்கிறதா? எஸ்யூவி பிரேக், ஹேண்ட் பிரேக் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே வண்டியை ஓரம் கட்டிவிடுவோம். பிரேக் விடவில்லை என்றால்தான் பிரச்சினை, மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்போம். வண்டி ஓடுகிறது, நிற்கவும் செய்கிறது, பிறகென்ன என்று தோன்றும். மைலேஜ் குறைந்ததற்கு டயரில் காற்று, பெட்ரோல், டிராஃபிக் என்று வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வோம். ஒரு நாள் வீலிலிருந்து புகை வரும்போதுதான் விஷயம் புரியும். இங்கே இருப்பவை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள். பதிலெல்லாம் ஒரே கருத்தைச் சுற்றித்தான் வரும்: எந்த பாகத்தையும் வாங்குவதற்கு முன், வீலைப் பிடித்து வைத்திருப்பது ஆயில் பிரஷரா, அல்லது துருவோ கேபிளோ போன்ற வேறு ஏதாவதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வண்டி வழக்கம்போல உருளாமல் யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல வேகம் குறையும். நியூட்ரலில் லேசான சரிவில் விட்டால்கூட நகராது. ஓட்டி முடித்து இறங்கியதும் ஒரு வீல் பக்கம் மட்டும் கருகல் வாசனை வரும். அலாய் வீல்களில் ஒன்று மட்டும் மற்றதைவிடக் கறுத்துப்போயிருக்கும், அது பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) தேய்ந்த தூள். டிஸ்க் (வீலோடு சுற்றும் இரும்புத் தட்டு) நீலம் பாய்ந்திருந்தால் பல நாளாக வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வண்டி ஒரு பக்கம் இழுப்பதில் பலர் குழம்புவார்கள். பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போது இடது பக்கம் இழுத்தால், இடது முன் வீலில் பிரேக் விடாமல் இருக்கலாம் (வீல் அலைன்மென்ட், டயர் காற்று இரண்டையும் பார்த்த பிறகு சொல்கிறேன்). பிரேக் மிதிக்கும்போது மட்டும் இடது பக்கம் இழுத்தால் கதை வேறு, அப்போது கோளாறு பெரும்பாலும் வலது பக்கத்தில். அந்தப் பக்கம் சரியாகப் பிடிக்காததால் இடது பக்கம் மட்டும் வேலை செய்கிறது.

வீலைக் கையால் சுற்றினால் "ஸ்ஸ்ஸ்" என்று உரசும் சத்தம் வருகிறது. கோளாறா?

இல்லை. டிஸ்க் பிரேக்கில் பேட் டிஸ்க்கை விட்டு வெகுதூரம் போகாது, மயிரிழை அளவுதான் விலகும். பேட்டைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னால் இழுக்கத் தனி ஸ்பிரிங் எதுவும் கிடையாது, அதைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல் மிதிக்கும்போது வளைந்துகொடுத்து, காலை எடுத்ததும் நிமிரும்போது பிஸ்டனையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் விடுதலை. அதனால் லேசான உரசல் இருக்கத்தான் செய்யும், புது பேட் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஒரு கையால் சுலபமாகச் சுற்ற முடிகிறதா, விட்டதும் கொஞ்சமாவது சுற்றுகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு கையும் போட்டுத் தள்ள வேண்டியிருந்தால் கோளாறு.

கருவி எதுவும் இல்லை. முதல் சோதனையாக என்ன செய்யலாம்?

சூடு பாருங்கள். பதினைந்து இருபது நிமிடம், முடிந்தவரை பிரேக் மிதிக்காமல் ஓட்டுங்கள், கடைசியிலும் தானாக வேகம் குறைந்து நிற்கும்படி விடுங்கள். இறங்கி ஒவ்வொரு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைத்தால் மிக நல்லது. ஆனால் பளபளப்பான டிஸ்க் பரப்பில் அது தப்பாகக் காட்டும், அதனால் எல்லா வீலிலும் ஒரே மாதிரியான மங்கலான இடத்தைப் பார்த்து அளவெடுங்கள்.

முன் வீலையும் பின் வீலையும் ஒப்பிட வேண்டாம். முன் பிரேக்குக்கு வேலை அதிகம், சூடும் அதிகமாகத்தான் இருக்கும். இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் 60 டிகிரி, இன்னொரு பக்கம் 150 டிகிரி என்றால் அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

எந்த வீல் சூடாகிறது என்பதை வைத்து என்ன சொல்ல முடியும்?

நிறையவே. ஒரு வீல் மட்டும் என்றால் அந்த வீலின் காலிப்பர் (பேட்டை டிஸ்க் மேல் அழுத்தும் கவ்வி), அது நகர்வதற்கான பின்கள், அல்லது அதற்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். பின் வீல் இரண்டும் என்றால் முதலில் ஹேண்ட் பிரேக்கைச் சந்தேகியுங்கள். நாலு வீலும் என்றால் வீல் பக்கமே போகாதீர்கள், பெடல், பூஸ்டர் (கால் பலத்தைக் கூட்டுவது), மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலுக்குப் பிரஷர் கொடுப்பது), பிரேக் ஆயில் இந்த நாலில்தான் விடை. முன் வீல் இரண்டு மட்டும், அல்லது எதிரெதிர் மூலையில் இரண்டு என்றால், உங்கள் வண்டியில் பிரேக் லைன் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சில வண்டிகளில் முன் வீல் இரண்டுக்கும் ஒரு லைன், பின் இரண்டுக்கும் ஒரு லைன், சிலவற்றில் குறுக்காக. பிரிவின்படியே பிடித்தால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டரின் பாதிப் பகுதி மேல் போகிறது.

ஜாக்கி போட்டுச் சுற்றினால் எல்லா வீலுமே இறுக்கமாக இருக்கிறதே?

எஸ்யூவியில் இது சகஜம். சாதாரண கார் போல ஒரு வீலைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து முடிவு சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் சுற்றுவது வீலை மட்டுமல்ல, டிஃபரன்ஷியல் (இடது, வலது வீலுக்குப் பலத்தைப் பிரிப்பது), புரொப்பல்லர் ஷாஃப்ட் (அதற்குப் பலம் கொண்டுவரும் நீளத் தண்டு), டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் வீல்களுக்குப் பலத்தைப் பிரிப்பது) என்று ஒரு பெரிய கூட்டத்தையே. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் இருந்தால் டூ வீல் டிரைவில் அல்லது நியூட்ரலில் வையுங்கள். எப்போதும் நாலு வீலும் ஓடும் வகை என்றால் நாலு வீலையும் ஸ்டாண்டில் ஏற்றிப் பார்ப்பதுதான் சரி. பின்னால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் ஒன்றைச் சுற்றும்போது மற்றதும் அதே திசையில் சுற்றப் பார்க்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். தூக்கிய வண்டிக்குக் கீழே ஸ்டாண்ட் இல்லாமல் கையை நீட்டாதீர்கள், தரையில் இருக்கும் வீலுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது கியரை "பி"யில் (பார்க்) போட்டிருந்தாலும் வண்டி உருளும், கியர்பாக்ஸுக்கும் வீலுக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடுகிறது அல்லவா.

பிரஷர் பிடித்து வைத்திருக்கிறதா, வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தச் சோதனையைச் செய்யாமல் காலிப்பர் வாங்காதீர்கள். நானே ஒருமுறை வாங்கி ஏமாந்தவன், புது காலிப்பர் போட்டு, ஏர் எடுத்து (ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி) ஓட்டிப் பார்த்தால் அதே வீல் மறுபடி சூடு. கோளாறு ஹோஸில் இருந்தது.

முதலில் வீல் இறுக்கமாக இருக்கும் நிலையைக் கொண்டுவர வேண்டும். ஓட்டிச் சூடாக்கியோ, நாலைந்து முறை பெடலை நன்றாக மிதித்து விட்டோ. காலை எடுத்த பிறகும் வீல் சுற்றவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்தக் காலிப்பரின் பிளீடர் ஸ்க்ரூவை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடத் திறப்பது) லேசாகத் திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சி வந்து வீல் உடனே சுற்ற ஆரம்பித்தால், பிரஷர் அங்கே சிக்கியிருந்தது, காலிப்பர் மேல் குற்றம் இல்லை. திறந்த பிறகும் வீல் அசையவில்லை என்றால் துருப்பிடித்த பிஸ்டன், ஒட்டிய பின், இறுகிய பேட், விடாத ஹேண்ட் பிரேக் இவற்றில் ஒன்று.

பிரஷர்தான் என்று தெரிந்தால் ஒவ்வொரு படியாக மேலே போக வேண்டும். பிளீடரை மூடி, மறுபடி மிதித்து வீலை இறுக வைத்து, இந்த முறை ஹோஸின் மேல் முனை இரும்புப் பைப்போடு சேரும் இணைப்பைத் தளர்த்துங்கள். வீல் விடவில்லை, ஆனால் பிளீடரைத் திறந்தால் விடுகிறது என்றால், நடுவில் இருப்பது ஹோஸ் மட்டுமே, அதுதான் திருடன். மேல் இணைப்பைத் தளர்த்தியதும் வீல் விட்டுவிட்டால் இன்னும் மேலே, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளிவரும் பைப்பைத் தளர்த்திப் பாருங்கள். அங்கேயும் விட்டால் மாஸ்டர் சிலிண்டரோ அதற்குப் பின்னாலிருக்கும் பெடல், பூஸ்டரோ. அங்கே விடாமல் ஹோஸின் மேல் முனையில் மட்டும் விட்டால் நடுவில் ஏபிஎஸ் யூனிட்டோ நசுங்கிய பைப்போ இருக்கும், இது அபூர்வம்தான்.

இணைப்பு நட்டுகளுக்கு ஃபிளேர் நட் ஸ்பேனர் போடுங்கள், சாதாரண ஸ்பேனர் மூலையை வழித்துவிடும். சிந்தும் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். எந்த இணைப்பைத் திறந்தாலும் கடைசியில் ஏர் எடுத்தாக வேண்டும்.

ஹோஸ் வெளியே புத்தம் புதிது போல இருக்கிறது. அதற்குள் என்ன கெட்டுப்போகும்?

உள் ரப்பர் வீங்கியோ உரிந்தோ ஒரு வழிக் கதவு போல ஆகிவிடும். உங்கள் காலுக்கு இருக்கும் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வரத் தள்ள ஆள் இல்லை, சீலின் அந்தச் சின்ன இழுவைதான். அதனால் மெதுவாகக் கசிந்து கசிந்து வெளியேறும், வண்டியை அரை மணி நேரம் நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடும். மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது கோளாறு இருக்காது, உங்களை அவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

இன்னொன்று, ஹோஸைச் சேஸிஸில் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்பின் உள்ளே துரு வளர்ந்து ஹோஸை நெரிக்கும். அதையும் பாருங்கள். பேட் மாற்றும்போது காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடுவதும், ஆயில் வரக்கூடாது என்று ஹோஸை இடுக்கியால் நசுக்குவதும் இந்த நோய்க்கு நாமே கொடுக்கும் அழைப்பு. ஒரு கம்பித் துண்டில் கட்டித் தொங்கவிட எவ்வளவு நேரமாகும்?

பிளீடரைத் திறந்தும் விடவில்லை. காலிப்பரில் எதைப் பார்ப்பது?

பேட்டைக் கழற்றித் தேய்மானத்தைப் பாருங்கள். உள் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பி வரவில்லை என்று முதல் சந்தேகம். வெளி பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர வேண்டிய பின்கள் ஒட்டியிருக்கலாம். பேட் ஆப்பு வைத்தது போலச் சாய்வாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் ஒட்டியிருக்கும். இதெல்லாம் நூற்றுக்கு நூறு விதி அல்ல, தேட ஆரம்பிக்கும் இடம்.

பின்கள் விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். துருவைச் சுத்தம் செய்து, ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மாற்றி, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் அல்லது செயற்கை கிரீஸ் தடவுங்கள். கையில் இருக்கிறதே என்று பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் வீங்கி, இப்போது இருப்பதைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும். கிரீஸ் அளவுக்கு மேல் அடைத்தாலும் தவறு, உள்ளே சிக்கும் காற்று பின்னைத் திரும்ப வெளியே தள்ளும். சில காலிப்பர்களில் ஒரு பின்னில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும், மேலும் கீழும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பேட்டின் காது உட்காரும் இடத்தை யாருமே பார்ப்பதில்லை. அங்கே இருக்கும் ஸ்டீல் கிளிப்புக்கு அடியில் துரு வளர்ந்து, கிளிப்பை உயர்த்தி, பேட்டை இறுக்கிவிடும். புது பேட்டைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றுகிறார்கள் என்றால் அடுத்த மாதம் நீங்கள் திரும்பி வரப் போகிறீர்கள். கிளிப்பைக் கழற்றி அடியில் துருவைச் சுரண்டினால் பேட் கையாலேயே போய் உட்காரும்.

பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு மெதுவாகத் தள்ளிப் பாருங்கள் (ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்த பின் காலிப்பருக்கு இது பொருந்தாது, அதைப் பின்னால் சொல்கிறேன்). சீரான இறுக்கத்தோடு போக வேண்டும். நடுவில் நின்று நின்று போனாலோ, முழு பலமும் தேவைப்பட்டாலோ துருப்பிடித்திருக்கிறது. தூசு பூட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிஸ்டன் பரப்பில் குழி விழுந்திருந்தால் எமரி போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது வேண்டாத வேலை. மாற்றிவிடுங்கள்.

காலையில் நன்றாக இருக்கிறது. அரை மணி ஓட்டினால் நாலு வீலும் பிடிக்கிறது, பெடல் கல் போல ஆகிறது. ஏன்?

பெடலில் கால் இல்லாதபோது மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன துவாரம் திறந்திருக்கும். பிரேக் சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும். பெடல் முழுதாக மேலே வராவிட்டாலோ, பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவில் இருக்கும் புஷ் ராட் கொஞ்சம் நீளமாக இருந்தாலோ அந்தத் துவாரம் மூடியே கிடக்கும். ஆயில் விரிய, பேட் அழுத்த, இன்னும் சூடாக, இன்னும் விரிய. ஆறினால் எல்லாம் பழையபடி. பூஸ்டரையோ மாஸ்டரையோ சமீபத்தில் மாற்றியிருந்தால் புஷ் ராடை முதலில் பாருங்கள்.

முதல் தடயம் பிரேக் லைட். காலை எடுத்த பிறகும் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பெடல் முழுதாகத் திரும்பவில்லை. தரை மேட் மடங்கியிருப்பது, பெடல் அச்சில் துரு, சுவிட்சைத் தப்பாகப் பொருத்தியிருப்பது இவற்றைப் பார்க்கப் பணமே செலவாகாது. எஞ்சினை அணைத்து நாலைந்து முறை பெடலை மிதித்து, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் முழுக்கத் தீர்ந்த பிறகு, விரலால் பெடலை அழுத்தினால் சில மில்லிமீட்டர் வெறுமனே நகர வேண்டும். அந்தத் தளர்வு இல்லவே இல்லை என்றால் சரிசெய்ய வேண்டும். அப்படி வாக்குவம் தீர்ந்ததும் வீல்கள் விட்டுவிட்டால் பூஸ்டர் மேல் சந்தேகம்.

மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைத் தளர்த்தி அதைப் பூஸ்டரிலிருந்து சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பார்ப்பது கடைசிச் சோதனை. வீல் விட்டால் புஷ் ராடோ பூஸ்டரோ, விடவில்லை என்றால் மாஸ்டருக்குள்ளேயே அடைப்பு.

பிரேக் ஆயில் தொட்டியில் வேறு ஆயில் ஊற்றிவிட்டேன். என்ன ஆகும்?

"பிரேக் ஆயில்" என்று நாம் எல்லோரும் கூப்பிடுவதுதான் இந்த விபத்துக்குப் பாதிக் காரணம். அது உண்மையில் பெட்ரோலிய ஆயிலே அல்ல. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை, தண்ணீரோடு கலப்பவை. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ உள்ளே போனால் சீல் எல்லாம் ஊதிப்போய் நாலு வீலும் பிடித்துக்கொள்ளும். மூடியின் ரப்பர் டயஃப்ரம் வீங்கிச் சுருண்டிருந்தால் அதுவே சாட்சி. சந்தேகமிருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொட்டி ஆயிலைச் சில சொட்டு விடுங்கள், மேலே மிதந்தால் வேறு ஆயில் கலந்திருக்கிறது.

ஊற்றிய உடனேயே தெரிந்தால் பிரேக்கை மிதிக்காமல், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் தொட்டியை உறிஞ்சிச் சுத்தம் செய்ய வாய்ப்பு இருக்கிறது. ஓட்டிய பிறகு தெரிந்தால் ரப்பர் உள்ள ஒவ்வொரு பாகமும் மாற வேண்டும், வலிக்கத்தான் செய்யும், வேறு வழியில்லை. டாட் 5 என்பது தனி, சிலிகான் வகை, மற்றதோடு கலக்காதீர்கள்.

பிரேக் சூடானால் என்னதான் ஆபத்து? மெதுவாகத்தானே ஓட்டுகிறேன்.

ஆயில் கொதிக்கும். புதிய டாட் 3 குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரமேறிய நிலைக்கான வரம்பு டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155. ஒட்டிய பிரேக் இதை எட்ட வேகம் தேவையில்லை. கொதித்ததும் குமிழி, பெடல் மெத்தென்று தரைக்குப் போகும். அதுவரை விடாமல் பிடித்த அதே பிரேக் திடீரென்று பிடிக்காமல் போகும்.

சூடு பிரேக்கா, வீல் பேரிங்கா?

பேரிங் என்றால் வேகத்துக்கு ஏற்ற ஊளைச் சத்தம் இருக்கும், வளைவில் திரும்பும்போது அது கூடும் அல்லது குறையும். சூடு நடு ஹப்பில் இருக்கும், டிஸ்க்கில் அல்ல. வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியலாம். ஆனால் பிரேக் பல நாள் ஒட்டியிருந்தால் பேரிங் கிரீஸும் வெந்து இரண்டும் சேர்ந்தே போயிருக்கும், அப்போது ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டேன், பின் வீல் விடவில்லை.

உங்கள் வண்டியில் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் டிரம் (வீலோடு சுற்றும் கிண்ணம்) இருந்தால், கால் பிரேக் அதன் உட்புறத்தில் அழுத்தும் அதே ஷூவைக் கேபிளும் இழுக்கிறது. பின்னால் டிஸ்க் இருந்தால் இரண்டு வழி: காலிப்பரின் பின்புறம் இருக்கும் ஒரு சின்னக் கையைக் கேபிள் இழுத்துப் பிஸ்டனைத் தள்ளும், அல்லது டிஸ்க்கின் நடுக் குழிக்குள்ளேயே ஒரு குட்டி டிரம்மும் ஷூவும் ஒளிந்திருக்கும். பெரிய எஸ்யூவிகளில் இந்த ஒளிந்திருக்கும் வகை நிறைய.

வண்டியின் அடியில் கேபிள் இரண்டாகப் பிரியும் இடத்தில் இழுவையைத் தளர்த்துங்கள். வீல் விட்டால் கேபிள் அதிகம் முறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது லீவர் முழுக்கத் திரும்பவில்லை. விடவில்லை என்றால் வீல் பக்கத்தில் கேபிள் முனையைக் கழற்றுங்கள். இப்போது விட்டால் கேபிள் தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து நிற்கிறது. இந்தக் கேபிள் இழுக்கும்போது நன்றாகப் போகும், ஏனென்றால் உங்கள் கை பலம் இருக்கிறது. திரும்பும்போது ஸ்பிரிங்கின் பலம் போதாது. ஆயில் விட்டால் ஒரு வாரம் ஓடும், பிறகு பழைய கதை, மாற்றுவதுதான் வழி. கேபிளைக் கழற்றியும் விடவில்லை என்றால் காலிப்பர் கையின் அச்சு துருப்பிடித்திருக்கும். அந்தக் கை தன் நிறுத்தத்தில் போய் முழுதாக உட்கார வேண்டும். குட்டி டிரம் வகையில் ஷூவிலிருந்து லைனிங் (உரசிப் பிடிக்கும் மேற்பரப்பு) பெயர்ந்து வந்து நடுவில் சிக்கிக்கொள்வது உண்டு, உள்ளே ஏதோ உருளும் சத்தம் வரும்.

அந்த டிஸ்க்கைக் கழற்ற முடியவில்லை என்று சுத்தியலால் அடிப்பதற்கு முன், உள்ளே இருக்கும் நட்சத்திரச் சக்கர அட்ஜஸ்டரை டிஸ்க்கிலோ பின் தகட்டிலோ இருக்கும் துளை வழியாகப் பின்னோக்கிச் சுற்றி ஷூவைச் சுருக்குங்கள். பல டிஸ்க்குகளில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும், அதில் போல்ட் போட்டு மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும்.

மழையில் நிறுத்தி மறுநாள் எடுக்கும்போது "டொக்" என்று ஒரு முறை விட்டுப் பிறகு சரியாக ஓடினால் அது மேல்துரு, கவலை வேண்டாம்.

லீவர் ரொம்ப மேலே வருகிறது. கேபிளை முறுக்கிவிடலாமா?

எல்லோரும் செய்யும் தவறு இதுதான். முதலில் கேபிளைத் தளர்த்துங்கள், ஷூவை அதன் அட்ஜஸ்டரில் சரிசெய்யுங்கள் (வீல் நிற்கும் வரை இறுக்கி, பிறகு தாராளமாகச் சுற்றும் வரை சில பற்கள் பின்னால்), கடைசியாகத்தான் கேபிள். வரிசையை மாற்றினால் கேபிள் எப்போதும் விறைப்பாக நின்று ஷூவைப் பாதி இழுத்த நிலையிலேயே வைத்திருக்கும். எத்தனை "கிளிக்" என்பது வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டைப் பாருங்கள்.

சரிவில் ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை. அல்லது நின்ற வண்டி அரை மணி கழித்து நகர்கிறது!

முதலாவதற்கு ஷூவில் கண்ணாடி போல வழவழப்பு ஏறியிருக்கலாம், அல்லது பின் ஆக்ஸில் சீல் கசிந்து கியர் ஆயில் டிரம்முக்குள் வந்திருக்கலாம். ஆயில் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை, சீலோடு சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டாவது டிஸ்க் வகையில் வரும்: கொதிக்கும் பிரேக்கில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால், ஆறும்போது டிஸ்க்கும் பேட்டும் சுருங்கிப் பிடி தளர்ந்துவிடும். கியரிலும் விட்டு, வண்டி உருண்டால் ஓரக்கல்லில் முட்டி நிற்கும்படி வீலைத் திருப்பி வையுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் நிறுத்தும் வரிசை: கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட் பிரேக், காலை எடுத்து வண்டியின் பாரம் அதன் மேல் உட்கார்ந்த பிறகு "பி".

ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் ஜாக்கி வைத்தேன், வண்டி நகர்ந்துவிட்டது. எப்படி?

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் வீலில் இல்லை, டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். ஒரு வீலைத் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக அந்த வீல் சுற்ற, தரையில் இருப்பது எதிர்த் திசையில் உருளும். "பி"யை நம்பித் தூக்குவதற்கும் இதே கதிதான். கட்டை வைப்பது இதனால்தான்.

எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் விடவில்லை.

முதலில் பேட்டரி. இந்த வகையில் பிரேக்கைப் போட்டு விடுவது ஒரு மோட்டார், வோல்டேஜ் குறைந்தால் அது வேலை செய்யாது, ஜம்ப் கொடுத்துப் பாருங்கள். அடுத்து சீட் பெல்ட், கதவு, பிரேக் பெடல்: சில வண்டிகளில் இவை சரியாக இல்லாவிட்டால் விடவே விடாது. சுவிட்சை அழுத்தும்போது இரண்டு பின் வீலிலிருந்தும் மோட்டார் சத்தம் வருகிறதா என்று ஒருவரை வெளியே நின்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் மௌனம் என்றால் அந்தப் பக்கம் வயர், பிளக், மோட்டார். பிளக்கில் பச்சை பூத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பின் பேட் மாற்றும்போது ஸ்கேனரிலோ கையேட்டில் சொன்ன முறையிலோ சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோய்த்தான் பிஸ்டனைத் தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு பலவந்தமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் ஸ்க்ரூ போய்விடும். கேபிள் வகைக் காலிப்பரிலும் பல பிஸ்டன்களைச் சுற்றிக்கொண்டேதான் உள்ளே தள்ள முடியும், நேராகத் தள்ளினால் உடையும்.

ஹேண்ட் பிரேக் விளக்கு அணையவே இல்லை.

பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குதான். தொட்டியைப் பாருங்கள். சரியாக இருந்தால் லீவர் அடியில் இருக்கும் சுவிட்ச்.

சேறு, தண்ணீர் வழியாகப் போன பிறகு பின்னால் கரகரக்கிறது.

குட்டி டிரம்முக்குள் மணல் போயிருக்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கழுவுவதைத் தவிர வழியில்லை, அப்படியே விட்டால் அரைத்துத் தள்ளும். கழுவும்போது காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங் தூசு மூச்சுக்குள் போகக் கூடாது, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். ஈரமான பிரேக் உலர, மெதுவாக ஓட்டியபடி சில முறை லேசாக மிதித்தால் போதும்.

வழியில் புகை வந்துவிட்டது. என்ன செய்ய?

பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, கட்டை வைத்து, ஆற விடுங்கள். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணும் அல்லது விரிசல் விடும். தீப்பொறியோ சுவாலையோ தெரிந்தால் எல்லோரும் இறங்கி விலகி நில்லுங்கள். ஆறியதும் விட்டுவிட்டது என்று திரும்ப ஓட்டிக்கொண்டு போகத் தோன்றும். ஹோஸோ மாஸ்டரோ காரணம் என்றால் அடுத்த சில கிலோமீட்டரில் மறுபடி பிடிக்கும், அதனால் ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள். வீல் உருள மறுத்து ஏற்ற முடியவில்லை என்றால், பிளீடரைத் திறந்து பிரஷரை விட்டு ஏற்றலாம், ஆனால் அதன் பிறகு அதை ஓட்டக் கூடாது.

ஒரு பக்கம்தான் கோளாறு. இரண்டு பக்கமும் மாற்ற வேண்டுமா?

பேட், ஷூ கட்டாயம் ஜோடியாக. ஹோஸும் ஜோடியாக மாற்றுவதே நல்லது, ஒரே வயதுடையவை. காலிப்பர் ஒன்று மட்டும் போதும், மற்றது உண்மையிலேயே சுலபமாக நகர்ந்தால். வேலை முடிந்ததும் ஆரம்பத்தில் சொன்ன அதே சூட்டுச் சோதனையை, அதே பாதையில், இடது வலது என்று மறுபடி செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை.